துடைப்பத்தை நடக்க வைத்த இசை

வயலின் கற்கும் பத்து வயது மகளுக்கு டிஸ்னி நிறுவனத்தின் 'ஃபேண்டேசியா' படத்தைக் காட்டலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கு அனிமேஷன் அமைத்த படங்களைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டால், பிற்காலத்தில் அந்த இசையைக் கேட்கும்போதெல்லாம் படத்தின் காட்சிகளே மனத்தில் வந்து நின்று, இசையை இசையாகக் கேட்கும் பழக்கத்தைக் கெடுத்துவிடாதா என்பது அவருடைய கவலை. இத்தகைய படங்களில் இசைக்காகப் படம் வரையப்படுகிறதா, படத்துக்காக இசை சேர்க்கப்படுகிறதா என்பதையும் விளக்கும்படி கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

வழக்கமான திரைப்படத்தில் காட்சிகளை எடுத்து, வெட்டி, கோத்து முடித்த பிறகே பின்னணி இசை எழுதப்படும். காட்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு இசையமைப்பாளர் தம் இசையை அமைத்துக் கொடுப்பார். நாம் பேசும் படங்களில் இந்த வரிசை தலைகீழாகிறது. இசை முதலில் பதிவாகிவிடும். திரையில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகின்றன. நிமிடத்துக்கு 120 தட்டுகள் விழும் காலப்பிரமாணம் என்றால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம்கள். 90 தட்டுகள் என்றால் 16 ஃபிரேம்கள். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, எந்த ஃபிரேமில் பாதம் தரையில் படவேண்டும், எந்த ஃபிரேமில் கை உயரவேண்டும் என்று ஓவியர்கள் வரைந்தார்கள். பரதநாட்டியத்தில் நட்டுவாங்கத்தின் சொல்லுக்கு அடவு விழுவது போன்ற பொருத்தம்தான் இது. ஒவ்வொரு அடவுக்கும் பல ஓவியங்களைக் கையால் வரையவேண்டும் என்பதே வேறுபாடு.

1929இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'எலும்புக்கூடு நடனம்' என்ற குறும்படம் இந்த முறையின் தொடக்ககால வெற்றி. அதற்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங், மௌனப்பட அரங்கில் ஆர்கன் வாசித்துப் பழகியவர். நார்வே நாட்டு இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் எழுதிய ஒரு பூத அணிவகுப்பைத் தம் சொந்த இசையோடு அவர் அதில் இழைத்திருந்தார். 1935இல் வந்த 'பேண்ட் இசைக் கச்சேரி'யில் மிக்கி மவுஸ் ஒரு பூங்காவில் ரோஸினியின் 'வில்லியம் டெல்' என்ற இசைநாடகத்தின் முன்னிசையை நடத்துகிறது. அந்த முன்னிசையின் இரண்டாம் பகுதியே ஒரு புயலைப் பற்றியது. இசை அந்தப் பகுதியை அடையும்போது திரையில் உண்மையான சூறாவளி வந்து இசைக்குழுவை அப்படியே வானத்துக்குத் தூக்கிச் செல்கிறது. இசைக்கலைஞர்களோ சுழன்றுகொண்டே வாசிப்பைத் தொடர்கிறார்கள். இசைக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்றைக் கண்டுபிடித்து அதையே கதையாக்கியதால், இந்தச் சிறு படத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இந்தக் குறும்படங்களில் காலப்பிரமாணம் பெரும்பாலும் ஒரே சீராக, மாறாமல் ஓடும். 'ஃபேண்டேசியா'வின் சிக்கல் வேறு வகையானது. 1938 ஜனவரியில் இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் கலைஞர்களைக் கொண்டு, போல் துய்க்கா 1897இல் எழுதிய 'மந்திரவாதியின் சீடன்' என்ற படைப்பைப் பதிவு செய்தார். மிக்கி மவுஸ் நடிக்கும் ஒரு குறும்படமாகத்தான் அது திட்டமிடப்பட்டது. செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போனதால், குறும்படமாக வெளியிட்டு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று தெரிந்தது. அதனோடு வேறு இசைப்படைப்புகளையும் சேர்த்து ஒரு முழுநீளக் கச்சேரியாக்கும் எண்ணம் வலுப்பெற்றது. மற்றப் பகுதிகள் 1939இல் பிலடெல்பியா இசைக்குழுவைக் கொண்டு பதிவாயின. 1940 நவம்பர் 13 அன்று நியூயார்க்கில் படம் வெளியானது. அதற்கென்றே உருவாக்கப்பட்ட 'ஃபேண்டசவுண்ட்' என்ற முறையில், மூன்று ஒலித்தடங்களும் அவற்றைக் கட்டுப்படுத்தும் நான்காவது தடமும் தனிச்சுருளில் ஓடி, அரங்கைச் சுற்றி வைத்த ஒலிபெருக்கிகளுக்கு இசையைப் பகிர்ந்தளித்தன. அதை நிறுவும் செலவு மிகப் பெரிது என்பதாலும், போர்க்காலம் என்பதாலும் மிகச் சில அரங்குகளிலேயே அந்த வசதி அமைந்தது.

ஸ்டோகோவ்ஸ்கி உயிருள்ள நடத்துநர். ஒரு சொற்றொடரின் முடிவில் சற்றே தாமதிப்பார், உச்சத்தை நெருங்கும்போது வேகம் கூட்டுவார். ஒரு தட்டுக்கு இத்தனை ஃபிரேம் என்ற மாறாத வாய்ப்பாடு அங்கே உதவாது. பதிவான இசையை அளந்து, ஒவ்வொரு ஸ்வரமும் எந்த ஃபிரேமில் விழுகிறது என்று குறித்து, அந்த நெகிழ்வுக்கேற்ப வரையவேண்டியிருந்தது. படத்தின் சிறந்த கணங்களில் உருவங்கள் மூச்சு விடுவது போல் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்த மூச்சு இசைக்குழுவினுடையது.

இனி முதல் கேள்வி. இசைக்குப் படம் அமைப்பவருக்குப் பல வழிகள் உண்டு: இசைக்குள்ளேயே ஒரு கதை இருந்தால் அதைச் சொல்லலாம், இசையில் இல்லாத ஒரு கதையை மேலே போர்த்தலாம், கதையே இல்லாமல் இசையின் கட்டுமானத்தை வரைய முயலலாம். கட்டுமானத்துக்கு உண்மையாக இருக்கும் படம், அதில் கதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்கும் திறனை வளர்க்கிறது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் அசைவைப் பொருத்திவிட்டு வடிவத்தைக் கைவிடும் படம் காதைச் சோம்பலாக்குகிறது. அனுபவத்தில் நான் கண்டது இதுதான்.

'மந்திரவாதியின் சீடன்' கதையுள்ள இசை. கோத்தே 1797இல் எழுதிய கவிதையைத் துய்க்கா ஏறத்தாழ வரிக்கு வரி பின்பற்றியிருக்கிறார். மந்திரவாதி வெளியே போன நேரத்தில் சீடன் ஒரு துடைப்பத்துக்கு உயிர் கொடுத்துத் தண்ணீர் சுமக்க வைக்கிறான்; நிறுத்தும் மந்திரம் அவனுக்குத் தெரியவில்லை; வீடு வெள்ளக்காடாகிறது. துடைப்பத்தின் நடையைப் பஸூன் என்ற தாழ்ந்த குரலுள்ள மரக்குழல் தொடங்கி வைக்கிறது. சீடன் கோடரியால் துடைப்பத்தைப் பிளக்கிறான், இசை நின்றுபோகிறது. பிறகு எல்லாவற்றிலும் தாழ்ந்த குரலுள்ள காண்ட்ராபஸூனில் ஒற்றை ஸ்வரம், தயங்கி இன்னொன்று, மெல்ல மெல்ல அதே நடை. சற்று நேரத்தில் பாஸ் கிளாரினெட் அதே மெட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டு வருகிறது. கவிதையில் துடைப்பம் இரண்டாகப் பிளந்து இரண்டும் எழுந்து நடக்கின்றன. அதனால்தான் துய்க்கா அங்கே இரண்டு குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நுழைய விட்டார். திரையிலோ துடைப்பம் எண்ணற்ற சிம்புகளாகச் சிதறி, ஒவ்வொரு சிம்பும் ஒரு துடைப்பமாக எழுந்து படையாக நடக்கிறது. கதை மாறியிருந்தாலும் மௌனம், தயக்கம், பெருக்கம் என்ற வரிசை மாறவில்லை. இசையின் இறுதியில், அமைதி திரும்பிய பின் திடீரென்று விழும் உரத்த முடிப்புக்கு, மந்திரவாதி துடைப்பத்தால் மிக்கியின் பின்புறத்தில் ஒரு தட்டுத் தட்டுகிறார். அந்த முடிப்பு அங்கே ஏன் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த இசை நூலிலும் கண்டதில்லை.

ஆனால் வாசகரின் அச்சம் பொய்யும் அல்ல. இந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து துய்க்காவின் இசையைத் துடைப்பம் இல்லாமல் என்னால் கேட்க முடிந்ததில்லை. இங்கே அது எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. துய்க்காவே துடைப்பத்தைத்தான் நினைத்து எழுதினார்.

பேத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் அது இழப்புதான். 1808இல் முதன்முதலாக அரங்கேறிய இந்தப் படைப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் அவரே தலைப்பு தந்திருக்கிறார்: நாட்டுப்புறம் வந்து சேரும்போது எழும் மகிழ்ச்சி, ஓடைக்கரை, கிராமத்தாரின் களியாட்டம், புயல், புயலுக்குப் பின் இடையர்களின் நன்றிப்பாட்டு. அதோடு, இது காட்சியை வரைவதைவிட உணர்வை வெளிப்படுத்துவதே என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையையும் எழுதிவைத்தார். 'ஃபேண்டேசியா' அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல், வேறொரு இசைக்கென யோசித்து வைத்திருந்த கிரேக்கப் புராண உலகத்தை இதன்மேல் போர்த்தியது. குதிரையுடல் மனிதர்கள் காதலிக்கிறார்கள், மது தேவன் உருண்டு விழுகிறான், வானத்திலிருந்து சீயஸ் மின்னலை எறிகிறார். இசையும் பாதியளவுக்குச் சுருக்கப்பட்டது. பேத்தோவன் ஓடைக்கரையில் நேரம் நகராமல் நிற்பதுபோல ஒரே அசைவை நீட்டி நீட்டி எழுதியது நம்மையும் அங்கே உட்கார வைப்பதற்காக. திரையிலோ ஒவ்வொரு கணமும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது. இதே பகுதியில் கறுப்பினப் பணிப்பெண்ணாகச் சித்திரிக்கப்பட்ட ஒரு பாத்திரம் இழிவானதென உணரப்பட்டு, 1969 மறுவெளியீட்டில் நீக்கப்பட்டது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. மகளுக்கு இந்தச் சிம்பொனியைப் படம் இல்லாமல் முதலில் கேட்கக் கொடுங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' இன்னும் சிக்கலானது. 1913இல் பாரிஸில் நடனமாக அரங்கேறிய அதில், பழங்கால ருஷ்யக் குடியொன்று ஒரு பெண்ணை வசந்தத்துக்குப் பலியாக ஆடவிடுகிறது. டிஸ்னி அதைப் பூமியின் தோற்றமாகவும் டைனோசர்களின் அழிவாகவும் மாற்றினார். பகுதிகள் வெட்டப்பட்டன, வரிசையும் மாற்றப்பட்டது. படத்தில் இடம்பெற்ற இசையமைப்பாளர்களில் அப்போது உயிரோடிருந்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி ஒருவரே. பின்னாளில் அவர் இதைக் கடுமையாகக் குறை கூறினார். அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், எரிமலைகள் வெடிக்கும் கட்டத்தில் அந்த இசையின் முரட்டுத் தாளம், ஆடரங்கில் பெறாத ஒரு பெருமளவைப் பெறுகிறது என்பதையும் மறுக்க முடியவில்லை.

சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே இசைக்கு அமைந்த பகுதியில், தலைப்பில் உள்ள கொட்டை உடைக்கும் பொம்மையே கிடையாது. பூக்களும் காளான்களும் மீன்களும் பருவங்களும்தான் ஆடுகின்றன. ஆர்ட் பாபிட் உயிர்கொடுத்த காளான் நடனம் ஒரு நிமிடமளவே நீளும். எப்போதும் வரிசையில் பிந்தி ஓடிவரும் குட்டிக் காளானைக் கவனித்தால், இசையில் கேள்வியாக வரும் சொற்றொடரும் விடையாக வரும் சொற்றொடரும் எங்கே பிரிகின்றன என்பது சிறுவர்களுக்குத் தானாகவே விளங்கும். நீர்யானைகளும் முதலைகளும் ஆடும் போங்கியெல்லியின் 'நேரங்களின் நடனம்' வெறும் மகிழ்ச்சிக்காக.

கதையே இல்லாத வழிக்கு வருவோம். 'ஃபேண்டேசியா'வின் முதல் பகுதியான பாக்கின் 'டொக்காட்டாவும் ஃபியூகும்' (ஃபியூக் என்பது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் வடிவம்) அரூபமாக அமையவேண்டும் என்று திட்டமிட்டு, ஜெர்மனியிலிருந்து 1936இல் ஹாலிவுட் வந்திருந்த ஆஸ்கர் ஃபிஷிங்கரைப் பணிக்கு அமர்த்தினார்கள். 1931இலேயே பிராம்ஸின் ஹங்கேரிய நடனமொன்றுக்குக் கருந்திரையில் வெண்கோடுகளை ஆடவிட்டவர் அவர். அவருடைய வரைவுகளை எளிதாக்கி, பார்வையாளர் அடையாளம் காணக்கூடிய வயலின் வில்களாகவும் மேகங்களாகவும் மாற்றிக்கொண்டே போனதில் மனம் வெதும்பி, 1939இல் அவர் விலகினார். படத்தில் அவர் பெயர் இல்லை. அந்தப் பகுதியை இன்று பார்க்கும்போது, ஃபியூகின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைவதை எவரோ வரையத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டது போன்ற ஏக்கம் எனக்கு ஏற்படுகிறது.

அவர் விரும்பியது என்ன என்பதை அவருடைய சொந்தப் படங்களில் காணலாம். 1938இல் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடிக்கு அவர் செய்த படத்தில், காகித வட்டங்களையும் சதுரங்களையும் கம்பிகளில் தொங்கவிட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினார். 1947இல் பாக்கின் மூன்றாவது பிராண்டன்பர்க் கச்சேரிக்குச் செய்த படத்தில், கண்ணாடி போன்ற பலகையில் எண்ணெய் வண்ணத்தால் ஒரு தீற்று, ஒரு ஃபிரேம், இன்னொரு தீற்று, இன்னொரு ஃபிரேம் என்று மாதக்கணக்கில் வரைந்துகொண்டே போனார். இந்தப் படத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒத்துப்போகும் அசைவு ஏறக்குறைய இல்லை. ஓவியம் தன் வழியே வளர்கிறது, இசையும் தன் வழியே வளர்கிறது. இரண்டும் வளரும் முறை மட்டும் ஒன்றாக இருக்கிறது. பதம் ஆடுபவர், பாடகர் அதே வரியை மீண்டும் மீண்டும் பாட, ஒவ்வொரு முறையும் வேறொரு சஞ்சாரியைக் காட்டுவதை ரசித்துப் பழகிய நமக்கு இந்தச் சுதந்திரம் அந்நியமானதாகப் படாது.

இதே காலத்தில், பாரிஸில் அலெக்சாந்தர் அலெக்சேயெஃபும் கிளேர் பார்க்கரும் முசோர்க்ஸ்கியின் 'மொட்டை மலையில் ஓர் இரவு' இசைக்கு 1933இல் செய்த படத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஒரு வெள்ளைப் பலகையில் லட்சக்கணக்கான ஊசிகளைச் செருகி, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளின் நிழல் கருமையாகவும், உள்ளே அழுத்தியவை வெண்மையாகவும் தெரியும். ஊசிகளைக் கூடுதலாகவோ குறைவாகவோ அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமையும் உருவாக்கினார்கள். எட்டு நிமிட அளவே ஓடும் படம் அது. கோடுகளே இல்லாததால் உருவங்கள் புகையைப் போல ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைகின்றன. ஒரு மெட்டு அடுத்ததாக உருமாறுவதைக் கண்ணால் காண்பதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமைந்ததில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து அதே இசைக்கு 'ஃபேண்டேசியா'வில் பில் டைட்லா வரைந்த மலைச் சாத்தான் மாபெரும் நடிப்பு. எனினும் அங்கே நாம் சாத்தானைப் பார்க்கிறோம், ஊசித்திரையில் இசையைப் பார்க்கிறோம்.

நகைச்சுவைப் படங்கள் இந்த வகையில் தாழ்ந்தவை என்று எண்ணவேண்டாம். லிஸ்ட்டின் அதே ராப்சடிக்கு 'டாம் அண்ட் ஜெர்ரி' குழுவினர் செய்த 'பூனையின் கச்சேரி' ஆஸ்கர் விருது பெற்றது. டாமின் விரல்கள் பியானோவின் சரியான கட்டைகளில் விழுவதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வியந்து பேசுவார்கள். அதே சமயத்தில் வார்னர் நிறுவனமும் அதே ராப்சடிக்கு, பியானோவுக்குள் ஓர் எலி இருக்கும் படத்தையே செய்திருந்ததால், யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற சண்டை நெடுநாள் நடந்தது. அந்த ராப்சடி மெதுவான கனத்த பகுதியில் தொடங்கி வெறிபிடித்த வேகப் பகுதிக்கு மாறும் அமைப்புடையது. பெருமிதம் குலைவதுதான் நகைச்சுவை என்பதால், இரு குழுவினரும் அதையே தேர்ந்தது இயல்பே. 1957இல் சக் ஜோன்ஸ், நான்கு இரவுகளில் பதினைந்து மணிநேரம் நீளும் வாக்னரின் 'நிபெலுங் மோதிர'த்தையும் அவருடைய வேறு ஓபராக்களையும் ஏழு நிமிடத்துக்குள் அடக்கி, பக்ஸ் பன்னி என்ற கேலிச்சித்திர முயலை நாயகியாக நிறுத்தினார். நிறுவனம் அந்தக் குறும்படத்துக்கு ஒதுக்கியதைவிட அதிகக் காலம் பிடித்ததால், வேறொரு படத்துக்கு உழைத்ததாகக் கணக்கெழுதினார்கள் என்று ஜோன்ஸே கூறியிருக்கிறார். மாரிஸ் நோபிள் வடிவமைத்த பின்னணிகளில் கேலி இல்லை. இசையை முழுமனத்தோடு மதித்ததால்தான், இறுதியில் முயல் விழுந்து கிடக்கும்போது குழந்தைகள் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரே ஒரு முழுநீளப் படத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்றால், 1976இல் இத்தாலியரான புரூனோ பொஸெட்டோ எடுத்த 'அல்லேக்ரோ நோன் ட்ரொப்போ'வை நான் சொல்வேன். 'ஃபேண்டேசியா'வுக்கு எழுதிய அன்பான, கோபமான மறுமொழி அது. ரவேல் 1928இல் எழுதிய 'பொலேரோ'வில் ஒரே தாளத்தைப் பக்கமுரசு ஓயாமல் அடிக்க, மாறாத மெட்டைக் கருவிகள் மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, தொடக்கத்திலிருந்து இறுதிவரை ஒலி மட்டும் பெருகிக்கொண்டே போகும். பொஸெட்டோ அதற்கு ஓர் ஊர்வலத்தை வரைந்தார். எறிந்துவிட்டுப் போன குளிர்பானப் புட்டியின் அடியில் எஞ்சிய துளியிலிருந்து உயிர்கள் தோன்றி நடக்கத் தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் அடுத்ததாக மாறுகிறது, நடை மட்டும் நிற்பதில்லை. பரிணாமத்தையே 'ஃபேண்டேசியா'வும் காட்டியது. ஆனால் அங்கே ஸ்ட்ராவின்ஸ்கியை வெட்டி ஒட்டவேண்டியிருந்தது. இங்கே ரவேலின் வடிவமே கதையாகிவிட்டது. படத்தின் சில இடங்கள் பெரியவர்களுக்கானவை என்பதால், மகளுக்குக் காட்டுமுன் நீங்கள் ஒருமுறை பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள்.

பத்து வயதுக்கு என் வரிசை இது. முதலில் சூசி டெம்பிள்டன் 2006இல் பொம்மைகளைக் கொண்டு எடுத்த, ஆஸ்கர் விருது பெற்ற 'பீட்டரும் ஓநாயும்'. புரோகோஃபியெஃப் 1936இல் சிறுவர்களுக்கென்றே எழுதிய இதில் பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கருவி உண்டு. வழக்கமாக வரும் கதைசொல்லியின் குரலை டெம்பிள்டன் நீக்கிவிட்டதால், யார் வருகிறார் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். அடுத்து துய்க்கா. அதன்பின் ஃபிஷிங்கர், அதைப் பார்த்துவிட்டு, வேறொரு நாள், அதே இசையைக் கண்ணை மூடிக் கேட்டு அவளையே வரையச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகு பொஸெட்டோவின் படத்திலிருந்து சிபேலியஸின் 'சோக வால்ட்ஸ்' பகுதி. 1903இல் ஒரு நாடகத்துக்காக அந்த இசை எழுதப்பட்டது. இறந்துகொண்டிருக்கும் ஒரு தாய் படுக்கையிலிருந்து எழுந்து, இல்லாத விருந்தினரோடு ஆடும் காட்சி அது. பொஸெட்டோ தாயை எடுத்துவிட்டு, இடிந்த வீடொன்றில் தனியே அலையும் ஒரு பூனையை வைத்தார். வால்ட்ஸ் சற்று வேகம் எடுக்கும்போதெல்லாம் பழைய வீடு திரும்ப எழுகிறது, மனிதர்கள் தோன்றுகிறார்கள், பூனை ஓடிப்போய் உரசப் போகும்போது இசை தளர்ந்து அவர்கள் கரைந்துபோகிறார்கள். கடைசி ஸ்வரங்களில் பூனையும் மறைந்துவிடுகிறது. வயலின்கள் எங்கே மூச்சை இழுக்கின்றன, எங்கே விடுகின்றன என்பதை உங்கள் மகள் அந்தப் பூனையின் ஓட்டத்தில் கண்டுகொள்வாள்.